நவம்பரில் பிறந்த பையன்

வணக்கம். என் மகன் அண்டர்-14 கால்பந்து செலக்‌ஷனில் இரண்டாவது முறையாக விடுபட்டுவிட்டான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும் என்று கோச்சே சொல்வார். ஆனால் ‘உடம்பு பத்தாது’ என்கிறார்கள். அவன் நவம்பரில் பிறந்தவன். அதுதான் காரணமா? நிறுத்திவிடலாமா?
ஒரு தந்தை, பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டாம். வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குவதால், அதே வருடம் ஜனவரியில் பிறந்த பையன் உங்கள் மகனைவிடப் பத்து மாதம் மூத்தவன். அதைவிடப் பெரிய வித்தியாசம் உடம்பு முற்றும் வேகம். பையன்களுக்குச் சராசரியாக 14 வயதையொட்டி வளர்த்தி உச்சத்துக்குப் போகும். அந்த ஒரு வருடத்தில் 8 முதல் 10 செ.மீ. ஏறும். சிலருக்கு அது 12-இலேயே வந்துவிடும், சிலருக்கு 15 ஆகும்.

செலக்‌ஷன் மேட்சைக் கவனியுங்கள். ஒருவரையொருவர் தெரியாத பையன்கள், பாஸ் வராது, பந்தைத் தூக்கித் தூக்கி அடிப்பார்கள். தோளால் இடித்து முதலில் போய்ச் சேருபவன்தான் கண்ணில் படுவான். பந்து வருமுன்பே இருபுறமும் திரும்பிப் பார்த்துவைக்கும் பையன் அங்கே தெரியவே மாட்டான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் வெறுங்காலுடன் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். ஏற்றம் தொடங்கினால் சில மாதம் ஆட்டம் தடுமாறும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலியும் வரலாம். அப்போது குதிப்பதையும் ஸ்பிரின்ட்டையும் குறையுங்கள். பாஸிங், ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது) தொடரட்டும். வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கிலாந்து ஸ்டிரைக்கர் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் உயரம் போதாதென்று விட்டுவிட்டது. 2012-இல், 25 வயதில் லெஸ்டர் கிளப்புக்கு வந்து, 2016-இல் அந்நாட்டின் முதல் அடுக்கு லீக்கான பிரீமியர் லீக்கை வென்றார். இதை விடாமுயற்சிக் கதையாகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருக்கு, முதல் அடுக்குக்கு வெகு கீழே எட்டாம் அடுக்கில்கூட ஒழுங்காக நடக்கும் ஒரு லீக் இருந்தது. இங்கே விடுபட்ட பையன் அடுத்த செலக்‌ஷன்வரை முழு மேட்சே ஆடுவதில்லை. திறமை அந்த இடைவெளியில்தான் வீணாகிறது. ஆகவே அகாடமியில் சேர்க்கும்போது ஃபீஸைக் கேட்பதற்கு முன், வருடத்தில் எத்தனை மேட்ச், இவன் எத்தனை நிமிடம் ஆடுவான் என்று கேளுங்கள். 16 வயதையொட்டி சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் பதிவு செய்யப் பாருங்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டிரைக்கர் என்றால் விங்கிலும், அதாவது மைதானத்தின் ஓரத்திலும், ஆடப் பழக்குங்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் கோல் அடிக்கும் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரருக்குத்தான் கொடுக்கின்றன. 2023 ட்யூராண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் மோகன் பகானைத் தோற்கடித்த, அதே ஊர் ஈஸ்ட் பெங்கால் அணியின் கோலை அடித்த நம் சென்னை நந்தகுமார் சேகரும் விங்கர்தான்.