கையெழுத்துப் போட்ட பிறகும் கடை திறக்கலாமா?

‘இந்தத் தொழிலை இனிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களும், எழுதி வாங்கியவர்களும் அனுப்பிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் சட்டக் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய காபித்தூள் கடையை, கடைப்பெயர், வறுக்கும் இயந்திரம், அரவை இயந்திரம், வாடிக்கை எல்லாம் சேர்த்து 22 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். ‘தமிழ்நாட்டில் எங்கும் நானோ என் வாரிசுகளோ இந்தத் தொழிலைச் செய்ய மாட்டோம்’ என்று விற்றவர் எழுதிக் கொடுத்தார். இப்போது நான்கு கடை தள்ளி மகன் பெயரில் புதுக் கடை திறந்து, கல்லாவில் அவரே உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று வக்கீல் மூலம் பதில் நோட்டீஸ் அனுப்புகிறார். அது சரியா?

பதில்: பாதி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆவது பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலையோ வணிகத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அது உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. தொழிலின் நற்பெயரை, அதாவது கடைத்தெருவில் நாம் ‘குட்வில்’ என்று சொல்வதை, விலைக்கு விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே வகைத் தொழிலைச் செய்ய மாட்டேன் என்று வாங்கியவரிடம் ஒப்புக்கொள்ளலாம். வாங்கியவரோ அவரிடமிருந்து உரிமை பெற்றவரோ அந்த எல்லைக்குள் அத்தொழிலை நடத்திவரும் வரை அது செல்லும். அந்த எல்லை, தொழிலின் தன்மையை வைத்துப் பார்க்கும்போது நியாயமானதாக நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உங்கள் ஒப்பந்தத்தின் பலவீனம் ‘தமிழ்நாட்டில் எங்கும்’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. காலையில் கால் கிலோ தூள் வாங்கிப் போகும் வாடிக்கையாளர் நான்கு தெருக்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருபவர்; விற்றவர் நாகர்கோவிலில் கடை போட்டால் உங்களுக்கு ஒரு தம்ளர் காபி அளவுக்குக்கூட நட்டம் இல்லை. இதற்கு நேர்மாறான ஒரு வழக்கை அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1894-இல் தீர்த்தது. நார்டன்ஃபெல்ட் என்ற பீரங்கித் தயாரிப்பாளர் தம் தொழிலை விற்றபோது, 25 ஆண்டுகளுக்கு உலகின் எந்தப் பகுதியிலும் பீரங்கித் தொழிலில் இறங்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். பீரங்கி வாங்குபவை அரசாங்கங்கள், சந்தை உலகமே. ஆகவே உலகளாவிய தடையும் நியாயமானதே என்றார்கள். ஆனால் அதே ஒப்பந்தத்தில், வாங்கிய நிறுவனத்துக்குப் போட்டியாக எந்தத் தொழிலும் செய்யக் கூடாது என்று தனியாக இருந்த வாசகத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை நிலைநிறுத்தினார்கள்.

நீதிமன்றம் இப்படி வெட்டலாம். ஆனால் உங்களுக்காகப் புதிதாக எழுதித் தராது. ‘கும்பகோணம் நகரிலும், தஞ்சாவூர் மாவட்டத்திலும், தமிழ்நாட்டிலும்’ என்று தனித்தனியாக எழுதியிருந்தால் பின்னிரண்டையும் அடித்துவிட்டு முதலாவதைக் காப்பாற்றுவது எளிது. ஒரே சொல்லாக மாநிலத்தையே வளைத்துப் போட்டதால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆயினும் நான்கு கடை தள்ளி உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய வழக்கு இது என்பதால், உங்கள் பக்கம் வலுவில்லாமல் இல்லை.

மகன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே மகனை அது கட்டுப்படுத்தாது. தந்தை நடத்தும் கடைக்கு மகன் பெயர் வெறும் திரை என்று நிரூபித்தால், தந்தைக்கு எதிராக உறுத்துக்கட்டளை, அதாவது நீதிமன்றத் தடையாணை, கேட்கலாம். கடையின் ஜிஎஸ்டி பதிவு, வாடகை ஒப்பந்தம், கொட்டை சப்ளை செய்பவரின் பில்கள் யார் பெயரில் இருக்கின்றன, கல்லாவில் தினமும் யார் உட்காருகிறார் என்பதற்கெல்லாம் சான்று திரட்டுங்கள். பழைய பெயரையோ அதைப் போன்ற பெயரையோ வைத்திருந்தால், 27-ஆவது பிரிவுப் பக்கமே போகாமல், வணிகக்குறி (டிரேட்மார்க்) வழக்காகவே தொடுத்துவிடலாம். அது இதைவிட நேரான வழி. இன்னொன்று: 22 லட்சத்தில் நற்பெயருக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு என்று பத்திரம் பிரித்துச் சொல்கிறதா? இயந்திரத்தையும் சரக்கையும் மட்டுமே விற்றதாகப் பத்திரம் இருந்தால் விதிவிலக்கே கைகொடுக்காது.

கேள்வி: எதிர்ப்பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர், நான் இந்தத் தெருவில் கடையை மூடினால் 3 லட்சம் தருவதாக 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். மூடி எட்டு மாதமாகிறது, பணம் வரவில்லை. வழக்குப் போடலாமா? (கரூர் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும், இது கல்கத்தாவில் 1874-இல் நடந்த கதையாயிற்றே என்று தோன்றியது. அங்கும் பித்தளைப் பாத்திரத் தொழில்தான். ஒரே பகுதியில் இரண்டு வியாபாரிகள். போட்டி தாங்காத ஒருவர், மற்றவர் அந்தப் பகுதியில் தொழிலை நிறுத்திவிட்டால், அவர் தம் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த 900 ரூபாய் முன்பணத்தைத் தாம் தருவதாகச் சொன்னார். இவர் நிறுத்தினார், அவர் கொடுக்கவில்லை. தொழிலை நிறுத்திய மாதவ் சந்தர் என்ற அந்த வியாபாரி தொடுத்த வழக்கில், ஒரு பகுதிக்குள் மட்டும் விதித்த தடையும் தடைதான், உடன்பாடு செல்லாது, ஆகவே பணமும் கேட்க முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நீங்கள் நற்பெயரை அவருக்கு விற்கவில்லை. வெறுமனே போட்டியை விற்றீர்கள். முத்திரைத்தாளும் சாட்சிகளும், நீங்கள் கையெழுத்திட்டீர்கள் என்பதைத்தான் நிரூபிக்கும். செல்லாத உடன்பாட்டுக்கு அவை உயிர் கொடுக்காது. தொழில் செய்பவரைக் காக்க வந்த சட்டம், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரைக் கைவிட்டு, ஏமாற்றியவருக்கு உதவுகிறது என்று நீங்கள் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நியாயமான அளவிலான தடைகளை அனுமதிக்கும்படி இந்தப் பிரிவைத் திருத்தலாம் என்று சட்ட ஆணையமே 1958-ஆம் ஆண்டின் 13-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, பிரிவு மாறவில்லை. ஆனால் அதே பிரிவு உங்களுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தத் தாள் அவரைக் கட்டுப்படுத்தாததைப் போலவே உங்களையும் கட்டுப்படுத்தாது. நாளைக் காலையிலேயே அதே தெருவில் ஷட்டரைத் தூக்கலாம்.

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருந்தேன். விலகிய பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பின்னலாடை நிறுவனத்திலும் சேரக் கூடாது, மீறினால் 5 லட்சம் கட்ட வேண்டும் என்று பணி ஆணையில் இருக்கிறது. முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகி, வேறு நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் பதில் அனுப்பாமலும் இருக்க வேண்டாம். வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை நம் நாட்டில் செல்லாது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்க வழக்குகளில் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. சென்னையிலிருந்து 800 மைல் தொலைவுக்குள் இதே போன்ற நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று ஊழியரிடம் எழுதி வாங்கிய ஓக்ஸ் கம்பெனியின் நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1876-இல் செல்லாது என்றது. 800 மைல் என்பது தென்னிந்தியாவையே விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தொடரும் கட்டுப்பாட்டைக் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பணியில் இருக்கும் காலத்துக்குக் கணக்கு வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, டயர் நூல் தயாரிப்பில் பயிற்சியும் பெற்று, இடையிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போன கோலிகரி என்ற ஊழியரை, மீதிக் காலத்துக்குத் தடுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. நீங்கள் முறைப்படி விலகியவர் என்பதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது. நோட்டீசில் அதைக் காட்டியிருந்தால், அந்த வேறுபாட்டை உங்கள் பதிலில் எழுதுங்கள்.

அந்த 5 லட்சம் எந்த நிபந்தனையை மீறியதற்கு என்று பாருங்கள். போட்டி நிறுவனத்தில் சேர்ந்ததற்கு என்றால், செல்லாத நிபந்தனையோடு அந்தத் தொகையும் போய்விடும். குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்காமல் போனதற்கான பாண்டு, அதாவது எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம், என்றால் அது வேறு. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பொதுத்துறையைச் சேர்ந்த விஜயா வங்கி வைத்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025-இல் சரி என்றது. அத்தகைய பாண்டுகளிலும், தனியார் நிறுவனம் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும்.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பையர்களின் (சரக்கு வாங்குபவர்களின்) பட்டியல், விலைக்கணக்கு எக்செல் கோப்புகள், சாம்பிள் படங்கள் ஆகியவற்றில் எதையாவது பென் டிரைவிலோ சொந்த மின்னஞ்சலிலோ எடுத்து வந்தீர்களா? உங்கள் தலைக்குள் இருக்கும் அனுபவமும் கைத்திறனும் உங்களுடையவை, கோப்பு நிறுவனத்துடையது. தபால் வழி விற்பனை நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் விவரத் தொகுப்பை எடுத்துச் சென்ற முன்னாள் ஊழியரை 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமையை அடிப்படையாக வைத்தே தடுத்தது. அதற்கு 27-ஆவது பிரிவு குறுக்கே வரவில்லை.

கேள்வி: மூவர் சேர்ந்து நடத்திய கூட்டுத் தொழிலிலிருந்து ஒருவர் விலகினார். அவர் போட்டிக் கடை வைக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: எழுத்தில் எதுவும் இல்லையென்றால் வைக்கலாம், விளம்பரமும் செய்யலாம். ஆனால் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 36-ஆவது பிரிவின்படி, நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. நிறுவனத்தின் தொழிலைத் தாமே நடத்துவதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தாம் விலகும் முன் அங்கே வரவு செலவு வைத்திருந்தவர்களிடம் போய் வியாபாரம் கேட்கக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ இதே தொழில் செய்ய மாட்டேன் என்று விலகும்போது எழுதிக் கொடுத்திருந்தால், அது நியாயமான அளவில் இருக்கும் வரை 27-ஆவது பிரிவையும் மீறிச் செல்லும்.

கேள்வி: மதுரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தின் டீலர் நான். ஒப்பந்தம் நடக்கும் ஐந்தாண்டும், முடிந்த பிறகு ஓராண்டும் வேறு பிராண்டு விற்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்லும் அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுத்தாலும் அபராதம் போடுகிறார்கள்.

பதில்: ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் வேறு பிராண்டு கூடாது என்பது பொதுவாகச் செல்லும், குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. முடிந்த பிறகான ஓராண்டுத் தடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தள்ளுபடி விஷயத்துக்கு வேறு சட்டம். மறுவிற்பனை விலையைக் கட்டிப்போடுவது, நாட்டின் சந்தைப் போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்குமானால், போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆவது பிரிவின்படி தவறு. டீலர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. உங்கள் நிறுவனம் சந்தையில் சிறிய பங்கு மட்டுமே வைத்திருந்தால் ஆணையம் கண்டுகொள்ளாமல் போகலாம். எப்படியிருந்தாலும், தள்ளுபடிக்காக அபராதம் போட்ட ஒவ்வொரு டெபிட் நோட்டையும், அதையொட்டி வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். ஏரியா மேனேஜர் தொலைபேசியில் மட்டும் சொன்னவற்றை, ‘நீங்கள் இன்று சொன்னபடி’ என்று தொடங்கி அவருக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.