டர்பனிலிருந்தே இரண்டையும் பார்க்கலாம்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜூலையில் ஐந்தே நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி, க்ரூகர் வனவிலங்குப் பூங்காவும் காந்தி வாழ்ந்த இடங்களும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். க்ரூகரை விட்டுவிடுங்கள், அலைச்சல் அதிகம். டர்பனில் தங்கி, இரண்டு நாள் ஹ்லூஹ்லூவே-இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகம் போங்கள். காரில் மூன்று மணி நேரம்தான். 1895-லேயே காப்பகமானது, அழிவின் விளிம்பில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது இங்கேதான். ஜூலையில் புல் காய்ந்து குட்டையாகிவிடும், விலங்குகள் நன்றாகத் தெரியும். ஆனால் விடிகாலைத் திறந்த ஜீப்பில் காது விறைத்துப்போகும். அம்மாவுக்குக் கம்பளியும் குல்லாயும் கட்டாயம்.

அப்புறம் ஃபீனிக்ஸ் குடியிருப்பு: 1904-இல் காந்தி அமைத்தது, தமிழிலும் வந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை அச்சான இடம். 1893-இல் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தை அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். அந்த நடைமேடையில் அம்மாவைக் கொஞ்சநேரம் உட்கார வையுங்கள்.