உதவி எப்போது விலக வேண்டும்? சிறப்புக் கல்வி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன் பொது வகுப்பில் படிக்கிறான். இந்த ஆண்டு தனி உதவியாளர் கிடைத்திருக்கிறார், நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருக்கிறார். நல்லதுதானே?

பதில்: உதவியாளர் கிடைத்தது நல்லது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருப்பதுதான் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரெகோ குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கூர்ந்து பார்த்தது. உதவியாளர் ஒட்டியே இருந்த வகுப்புகளில், ஆசிரியர் அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பாக நினைப்பது குறைந்தது. மற்ற பிள்ளைகள் நெருங்குவது குறைந்தது. குழந்தை எதற்கும் பெரியவர் முகத்தைப் பார்க்கப் பழகியது. இங்கிலாந்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழு நடத்திய பெரிய ஆய்விலும், உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள் படிப்பில் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தொடக்க நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அதே முடிவுதான்.

இதில் உதவியாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட நேரமும் இல்லை. அதனால் எப்படியாவது வேலையை முடிக்க வைப்பதே அவர்கள் கடமையாகிவிடுகிறது. பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆசிரியர் உங்கள் மகனுக்கு நேரடியாகச் சொல்லித் தரும் நேரம் எது? எந்தெந்த வேலையில் உதவியாளர் எப்போது விலகப் போகிறார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மகளுக்கு நான்கு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. படங்களைத் தொட்டுச் சொல்லப் பழக்கலாம் என்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

பதில்: தைரியமாகத் தொடங்குங்கள், அம்மா. இந்தப் பயத்தைச் சோதித்த ஆய்வுகளை 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் திரட்டிப் பார்த்தார்கள். நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது.

கேள்வி: ஒரு மையத்தில், பேசாத பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தட்ட வைக்கிறார்கள். அழகான வாக்கியங்கள் வருகின்றன. என் தம்பியைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த முறை 1970களில் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990களில் அமெரிக்காவில் பரவியது. அப்போது எளிமையான சோதனைகள் நடந்தன. கை பிடிப்பவருக்கு ஒரு படம், குழந்தைக்கு வேறொரு படம். பலகையில் வந்த சொல் கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். மறுபடி மறுபடி இதே முடிவு. கை பிடிப்பவர்கள் ஏமாற்றவில்லை, தாங்கள்தான் தட்டுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இலும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. உங்கள் தம்பி சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எல்லோரும் நம்பிவிட்டால், அவர் உண்மையில் சொல்ல வருவதை யார் கவனிப்பார்கள்? யாரும் தொடாமல் அவரே சுட்டிக்காட்டக்கூடிய படப் பலகை, தேவைப்பட்டால் கண்ணசைவில் இயங்கும் கருவி, இந்த வழியில் தேடுங்கள்.

கேள்வி: பத்து வருடமாக ஆசிரியை. பயிற்சி முகாம்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன், வகுப்பில் எதுவும் மாறவில்லை.

பதில்: முகாமில் கேட்டது தானாக வகுப்புக்கு வந்துவிடாது, டீச்சர். வகுப்புக்கே வந்து பார்த்து, பேசி, மறுபடி செய்ய வைக்கும் பயிற்சியாளர் இருந்தால் மாற்றம் வருகிறது. மேத்யூ கிராஃப்ட் குழு 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்ததில் கற்பிக்கும் விதமும் மாணவர் தேர்ச்சியும் மேம்பட்டது தெரிந்தது. ஆனால் நூறு ஆசிரியர்களுக்கு மேல் விரித்த திட்டங்களில் பலன் சுருங்கியது. ஆளாளுக்குக் கவனம் கொடுக்க முடியாமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிற்சியாளர் இல்லையென்றால் சக ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்திலேயே தொடங்கலாம். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி விட்டதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கருவி மூலம் பேசும் பிள்ளைக்கு அதைவிட வெகுநேரம் வேண்டும். பின்பெஞ்சில் இருந்து அந்தச் சக ஆசிரியர் நேரத்தைக் குறிக்கட்டும், அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்புக்குப் போங்கள்.

கேள்வி: எம்.எட். மாணவன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு குழந்தை. இதை வைத்து ஆய்வு செய்ய முடியுமா சார்?

பதில்: தாராளமாக. தனிநபர் ஆய்வு முறை இதற்காகவே இருக்கிறது. முதலில் எதையும் மாற்றாமல், குழந்தை தானாகச் செய்வதைப் பல நாள் எண்ணிக் குறியுங்கள். அப்புறம் மூன்று திறன்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பயிற்சியை வெவ்வேறு வாரத்தில் தொடங்குங்கள். பயிற்சி தொடங்கிய பிறகுதான் அந்தந்தத் திறன் ஏறுகிறது என்றால் உங்கள் முறைதான் காரணம் என்று சொல்ல இடமுண்டு. தூண்டிவிட்டுச் செய்ததையும் தானாகச் செய்ததையும் ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள். பலருடைய ஆய்வு இங்கேதான் சறுக்குகிறது. பெற்றோர் கையெழுத்து வாங்கியிருந்தாலும், குழந்தை முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியாவுக்கு நிறக் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இலேயே சேர்ந்து அறிக்கை விட்டார்கள், பலனுக்குச் சான்று இல்லை என்று. அந்தப் பணத்தில் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித் தரும் சிறப்பாசிரியரிடம் கூடுதல் வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள்.