பாஸ்வேர்டு போட்டதும் கறுப்புத் திரை
விண்டோஸ் கணினியில் பாஸ்வேர்டு போட்டதும் திரை கறுத்துப்போய் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்கிறீர்களே, அது நல்ல அறிகுறிதான், பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, திரையும் வேலை செய்கிறது, டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர்தான் அநேகமாக எழும்பவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால் ‘ரன் நியூ டாஸ்க்’ போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள், கீழே டாஸ்க்பார் வந்து நிற்கும். வரவில்லையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் மினுக்கி, திரையை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்புறமும் கறுப்பாகவே இருந்தால், லாகின் திரையில் ஷிஃப்டை விடாமல் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தி, அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போய், கடைசியாகப் போட்ட டிஸ்ப்ளே டிரைவரை நீக்குங்கள். வழியில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம், முன்பே எடுத்து வையுங்கள். தயவுசெய்து அவசரப்பட்டு விண்டோஸை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள்.