கடையில் வழுக்கி விழுந்தால் கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: போன வாரம் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் அம்மா புடவை எடுத்து, பில் போட்டுவிட்டுப் படியிறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். அப்போதுதான் கடைப் பையன் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான், எச்சரிக்கை போர்டு இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஸ்டான்லியில் மாவுக்கட்டு போட்டோம். அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர், இப்போது வேலை நின்றுவிட்டது. கடையில் 2,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்திருக்கிறோமே என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தால் நாளைக்கு அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

சுவரில் எழுதி வைத்தால் பொறுப்பு போய்விடாது. டெல்லி ஹோட்டல் ஒன்றில் விட்ட கார் திருடுபோன வழக்கில், வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு என்று சீட்டில் அச்சிட்டிருந்தும், தன் அலட்சியத்துக்கு ஹோட்டல் அதைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கார், இது கை, ஆனால் உங்கள் வாதத்துக்கு உதவும்.

அதற்காகக் கடைக்குள் விழுந்தாலே பணம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. புடவைத் தலைப்பு காலில் சிக்கி விழுந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? இன்னொரு வாடிக்கையாளர் கொட்டிய ஜூஸில் அடுத்த நொடியே ஒருவர் வழுக்கினாலும் கடையைக் குறை சொல்வது கஷ்டம், அதுவே அரை மணி நேரம் யாரும் துடைக்காமல் கிடந்திருந்தால் கதை வேறு. ஆபத்து கடைக்குத் தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா, சரிசெய்யவோ எச்சரிக்கவோ நேரம் இருந்ததா, இதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் விஷயத்தில் ஈரமாக்கியதே கடை ஊழியர், அதனால் தெரியாது என்று அவர்கள் சொல்லவே முடியாது. அம்மா போன் பேசிக்கொண்டே இறங்கினார் என்பது போல ஏதாவது சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்க்கலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

இப்போது அவசரம் சிசிடிவி பதிவுதான். சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்கக் கூடாது என்று கடைக்கு இன்றே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். ஸ்டான்லியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள், கடையில் விழுந்ததாக அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மா அன்று போட்டிருந்த செருப்பு, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோ செலவு எல்லாம் வேண்டும். மாவு விற்காத நாட்களின் வருமானத்தையும் சேருங்கள், வீட்டு வியாபாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

புடவை பில் பத்திரம். அது இருப்பதால் அம்மா நுகர்வோர் ஆகிறார், 2 வருடத்துக்குள் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒன்றும் வாங்காமல் சும்மா பார்க்கப் போய் விழுந்தவர்களுக்குத்தான் அங்கே சிக்கல், அவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

வக்கீல் துணை வேண்டும் என்று தோன்றினால், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.