பிரூஜுக்குப் பதிலாக மெஹலன்: கையில் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தால்

கேள்வி: மே மாதம் அலுவலக வேலையாக ஒரு வாரம் பிரஸ்ஸல்ஸ் செல்கிறேன். 66 வயதான அம்மாவும் உடன் வருகிறார். ஊர் சுற்ற எங்களுக்குக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை மட்டுமே. எல்லோரும் பிரூஜைச் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துவராது. முழங்கால் வலியும் உண்டு. இருவரும் முட்டை சேர்க்காத சைவம். அருகில் அதே பழமையுள்ள வேறு ஊர் இருக்கிறதா? ஒரு நாள் போதுமா?

பதில்: இருக்கிறது, ஒரு நாளும் போதும். பிரஸ்ஸல்ஸுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் நடுவில் உள்ள மெஹலனுக்குச் செல்லுங்கள். பிரூஜின் கால்வாய் அழகுக்கு இங்கே ஈடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரூஜ், பகல் பயணிகள் கிளம்பிப் போன பிறகுதான் நன்றாக இருக்கும். இரவு தங்க முடியாதவர் மே மாதச் சனிக்கிழமையில் ரயிலில் ஒரு மணி நேரம் போய் அங்கே நெரிசலில் நிற்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

மெஹலன் ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரியாவின் மார்கரெட் 1507 முதல் 1530-இல் இறக்கும் வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் கீழிருந்த நெதர்லாந்துப் பகுதிகளை (இன்றைய பெல்ஜியமும் அதில் அடக்கம்) இங்கிருந்துதான் ஆண்டார். பின்னாளில் பேரரசரான ஐந்தாம் சார்லஸ் இந்த அத்தையின் கண்காணிப்பில்தான் வளர்ந்தார். இங்கிலாந்தின் அரசியாகப் போகும் ஆன் பொலின் சிறுமியாக இருந்தபோது 1513-இல் இந்த அரண்மனையில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். மார்கரெட்டுக்குப் பின் வந்த ஹங்கேரியின் மேரி அரசவையைப் பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றிக்கொண்டார். தலைநகருக்கென்று கட்டியவை ஊரில் தங்கிவிட்டன, பயணிகள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டார்கள். உங்களுக்கு அதுவே வசதி.

பிரஸ்ஸல்ஸ் சென்ட்ரலிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் சென்றுவிடலாம். உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. அன்றைய சீட்டு இருந்தால் எந்த வண்டியிலும் ஏறலாம். ஒரே எச்சரிக்கை: பிரஸ்ஸல்ஸ் நிலையத்தின் அறிவிப்புப் பலகைகளில் ஊர்ப் பெயர் இரு மொழிகளில் மாறி மாறி வரும். பிரெஞ்சில் மெஹலனுக்கு ‘மலீன்’ என்று பெயர். அதைப் பார்த்து வேறு ஊர் என்று வண்டியை விட்டுவிடாதீர்கள். பெல்ஜியத்தில் பயணிகளுக்கான முதல் நீராவி ரயில் ஓடியது, 1835 மே 5 அன்று, நீங்கள் போகப்போகும் இதே பிரஸ்ஸல்ஸ்–மெஹலன் வழித்தடத்தில்தான்.

நிலையத்திலிருந்து பெரிய சதுக்கத்துக்கு நேர் வழியில் கால் மணி நேர நடை. அம்மா உடன் வருவதால் நான் சொல்வது சற்றே சுற்று வழி. தாவரவியல் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து டெய்லெ ஆற்றின் மேல் நீர்மட்டத்தை ஒட்டி அமைத்த மரப்பலகை நடைபாதையில் நடங்கள். படிக்கட்டும் கருங்கல் பாவிய தெருவும் முழங்காலைப் படுத்துவதுபோல் இது படுத்தாது; மழை பெய்திருந்தால் மட்டும் பலகை வழுக்கும். வீடுகளின் பின்புறச் சுவர்கள் தண்ணீரிலிருந்து நேராக எழுவதைப் பார்த்தபடியே நடந்தால், பாதை முடியும் படித்துறையில் மூன்று பழைய வீடுகள் அடுத்தடுத்து நிற்கும். நடுவில் இருப்பது மர முகப்புள்ளது. அதைத் தாங்கி நிற்கும் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்தால் குட்டிச் சாத்தான்கள். அதற்கு ஒருபுறம் ‘சொர்க்கம்’ என்ற பெயருடைய வீடு, ஆதாம் ஏவாள் சிற்பங்களுடன்.

அதே பகுதியில் ‘டெய்லெக்கு அப்பால் உள்ள அன்னை’ ஆலயம் இருக்கிறது. ஊரின் மீன் வணிகர் சங்கம் காசு கொடுத்து ருபென்ஸிடம் வரைவித்த ‘அற்புத மீன்பிடிப்பு’ ஓவியம் (1618–19) இங்கே உள்ளது. எந்த ஆலயத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. இவ்வூர் ஆலயங்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் பார்வையாளருக்குத் திறப்பதால், காலையில் கதவு மூடியிருந்தால் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் காலையில் பெரிய சதுக்கத்தில் வாரச்சந்தை கூடும். அம்மாவுக்கு அந்த அளவு சந்தடி பழகியதாகவே இருக்கும்.

இனி, புனித ரம்போல்ட் பேராலயத்தின் கோபுரம். 1452-இல் தொடங்கி 167 மீட்டர் வரை எழுப்பத் திட்டமிட்டு, 97 மீட்டரில் நின்றுவிட்டது. மின்தூக்கி கிடையாது, 538 படிகள். ஆகவே நீங்கள் மட்டும் ஏறுங்கள், நுழைவு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். வழியில் அறைகள் வருவதால் மூச்சு வாங்கிக்கொள்ள இடமுண்டு. அவற்றில் ஒன்றில், ஆட்கள் உள்ளே நடந்து சுழற்றி மணிகளை மேலே தூக்கிய பெரிய மரச்சக்கரம் இன்றும் இருக்கிறது. கூர்முனை கட்டப்படாததால் உச்சி தட்டையாக நிற்கிறது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து ஒரு பக்கம் பிரஸ்ஸல்ஸின் அட்டோமியம் என்ற உலோக உருண்டைக் கட்டடமும் மறுபக்கம் ஆண்ட்வெர்ப் துறைமுகமும் தெரியும்.

அம்மா கீழே காத்திருக்கும் நேரமும் வீணாகாது. கோபுரத்தில் தலா 49 மணிகள் கொண்ட மணிக்கோவைகள் (மணிகளால் பாட்டு இசைக்கும் கருவிகள்) இரண்டு உள்ளன. சீரான இடைவெளியில் மணியிசை தானாகவே எழும். கலைஞர் வாசிக்கும்போது, மரக்கட்டை போன்ற விசைகளை மடக்கிய கையால் குத்தி வாசிப்பார். அதைக் கற்பிக்கும் உலகின் முதல் பள்ளி 1922-இல் தொடங்கியதும் இவ்வூரில்தான். இவ்வூர்க்காரர்களுக்கு ‘நிலவை அணைத்தவர்கள்’ என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு: 1687 ஜனவரியில் ஓர் இரவு, மூடுபனியில் சிவந்து தெரிந்த நிலவொளியைக் கோபுரத்தில் பிடித்த தீ என்று நினைத்து, வாளி வாளியாகத் தண்ணீரை மேலே கடத்தினார்களாம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலியாக வைத்த பெயரை இன்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிற்பகலுக்கு ஹோஃப் வான் புஸ்லைடன் அருங்காட்சியகம் ஒன்றே போதும். 16-ஆம் நூற்றாண்டில் மருத்துவமனைக் கன்னியர் கையால் செய்த ‘மூடிய தோட்டங்கள்’ என்ற மரப்பேழைகளுக்கு முன்னால் அம்மாவை நிதானமாக நிற்க விடுங்கள். பட்டு நூல் சுற்றிய பூக்களும் இலைகளும் நெருங்கிப் பூத்திருக்க, அவற்றின் நடுவே சாண் உயரப் புனிதர் பொம்மைகள் நிற்கும்.

டோசின் படைமுகாம் நினைவகத்தை இதே நாளில் நான் சேர்க்கமாட்டேன். 1942 முதல் 1944 வரை 25,000-க்கும் மேற்பட்ட யூதர்களும் ரோமா மக்களும் இங்கிருந்து ரயிலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் அனுப்பப்பட்டது ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமுக்கு. இரு பெருநகரங்களுக்கு நடுவில், ரயில் வசதியோடு இருந்ததே ஜெர்மானியர் இவ்வூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். குறைந்தது இரண்டு மணி நேரமும் அதன்பின் சற்று மௌனமும் தேவைப்படும் இடம் அது. கட்டாயம் பார்க்க விரும்பினால் அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள். பயண நாள் மாறினால் புதன்கிழமையைத் தவிருங்கள்; அன்று இவ்விரண்டுமே திறப்பதில்லை.

சாப்பாட்டுக்கு மே மாதம் நல்ல காலம். இவ்வட்டாரத்தின் வெள்ளை அஸ்பராகஸ் தண்டு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை பல உணவகங்களில் கிடைக்கும். ‘ஃபிளெமிஷ் முறை’ என்று எழுதியிருந்தால் மேலே அவித்த முட்டையை நொறுக்கித் தூவியிருப்பார்கள். உருக்கிய வெண்ணெய் மட்டும் போதும் என்று சொல்லி வாங்குங்கள். வாஃபிள் மாவிலும் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று நம்பிவிடாதீர்கள்: பெல்ஜியத்தின் பழைய முறைக் கடைகளில் அதை மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.