அப்பா பெயர் கார்டில் இருக்கிறது, வீட்டில் இல்லை

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து, மதுரையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஆறு வருடம் ஆகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மாதம் 30,000 சம்பளம், அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. பத்தாவது வரை என் ஸ்கூல் ஃபீஸ் அனுப்பினார், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அம்மா பூக் கட்டியும் இரண்டு வீட்டில் சமைத்தும் மாதம் 6,000 கொண்டுவருகிறார். வருமானச் சான்றிதழ் எடுத்தால் இரண்டையும் கூட்டி 4,32,000 என்று வந்துவிட்டது. ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நீ எலிஜிபிள் இல்லை என்று கல்லூரி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்பா பி.காம். படித்தவர் என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. தெரிந்த அண்ணன் ஒருவர், ‘ஆயிரம் ரூபாய் கொடு, 72,000னு போட்டு வேற சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்’ என்கிறார். வாங்கலாமா?

– பெயர் வேண்டாம், திருமங்கலம் வட்டம்

பதில்: வாங்காதே தாயி. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார். அம்மாவுக்கு மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு எவ்வளவு? 72,000. அந்த அண்ணன் காசு வாங்கிக்கொண்டு பொய்யாகப் போட்டுத் தருவதாகச் சொல்லும் தொகைதான் உங்கள் வீட்டின் உண்மையான வருமானம். 60 ரூபாய் கட்டணத்தில் முறையாகக் கிடைக்க வேண்டியதை எதற்கு ஆயிரம் ரூபாய்க்குத் திருட்டுத்தனமாக வாங்க வேண்டும்? உண்மையை மறைத்து வாங்கிய சான்றிதழ் என்று பின்னால் தெரிந்தால் சான்றிதழும் ரத்தாகும், வாங்கிய உதவித்தொகையையும் திருப்பிக் கேட்பார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். ‘எலிஜிபிள் இல்லை’ என்று நானே எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னபோதெல்லாம் என் கையில் இருந்தது ஒரே ஒரு காகிதம்தான். அதில் இருக்கும் எண்ணை மாற்றும் அதிகாரம் எனக்கும் கிடையாது, எங்கள் முதல்வருக்கும் கிடையாது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அரசு உதவிக்கான விண்ணப்பம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். நடுவில் வேலை போய்விட்டாலோ, பெற்றோர் பிரிந்துவிட்டாலோ கல்லூரியின் நிதியுதவி அலுவலரே ஆதாரங்களைப் பார்த்துக் கணக்கைத் திருத்தலாம். 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளை என்று தெரிந்தால், பெற்றோர் வருமானத்தைச் சேர்க்காமலே விட்டுவிடவும் அவரால் முடியும். அதே சமயம் அவர் மறுத்துவிட்டால் அவர்களுடைய கல்வித் துறைக்கு அப்பீல் போக வழியில்லை. நம் ஊரில் அந்தப் பேனா தாசில்தார் மேசையில் இருக்கிறது. நீ கல்லூரி ஆபீஸ் வாசலில் நின்று அழுது பயனில்லை. போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ்.

இந்தச் சான்றிதழ் ஏன் இப்படி வந்தது தெரியுமா? உன் அப்பா பெயர் இன்னும் ரேஷன் கார்டில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அவர் வேலையையும் சம்பளத்தையும் நீங்களே எழுதியிருப்பீர்கள். கிராம நிர்வாக அலுவலர் அதைக் கூட்டித்தான் எழுதுவார். ‘இவர் இங்கே இல்லை, ஆறு வருடமாக இல்லை’ என்று யாராவது எழுத்தில் கொடுத்தார்களா? ஊருக்கே தெரியும் என்பாய். ஊருக்குத் தெரிந்தது ஃபைலுக்குத் தெரியாது.

அதற்கென்று ஒரு காகிதம் இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண் சான்றிதழ். இதுவும் இ-சேவை மையம் வழியாகத்தான் போகும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், தாசில்தார் கொடுப்பார். உன் அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீ கடிதத்தில் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. ஆறு வருடமாக ‘வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு’ என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். அந்த வாக்கியத்தில் பொய்யும் இல்லை, மானமும் போகவில்லை. இப்போது போய் ‘கைவிடப்பட்டவள்’ என்று சீல் குத்தி வாங்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கைவிட்டவருக்குச் சான்றிதழ் கிடையாது, கைவிடப்பட்டவருக்குத்தான் என்பது என்ன நியாயமோ. ஆனாலும் அம்மாவிடம் ஒன்று சொல். அந்தத் தாள் சுவரில் மாட்டி வைப்பதற்கு இல்லை, உன் படிப்பு ஃபைலுக்குள் போவதற்கு. பக்கத்து வீட்டார் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விசாரணைக்கு ஆள் வரும்போது மட்டும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும்.

விண்ணப்பத்தோடு மனு ஒன்றும் எழுதிக்கொடுங்கள். அழுகையை எழுதாதே, தேதிகளை எழுது. இப்படி: ‘என் கணவர் இன்ன வருடம் இன்ன மாதத்திலிருந்து எங்களுடன் வசிக்கவில்லை. இன்ன மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து எந்தப் பணமும் வரவில்லை. மகளின் கல்விச் செலவு முழுவதும் என் வருமானத்தில் நடக்கிறது. அவருடைய வருமானத்தைச் சேர்க்காமல், எங்கள் இருவரின் குடும்ப வருமானத்தை விசாரித்துச் சான்று வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கூடவே அம்மாவின் வங்கி பாஸ்புக்கை வைக்க வேண்டும். பணம் எந்த மாதத்தோடு நின்றது என்று அதுவே காட்டிவிடும். அம்மா கையெழுத்துப் போட்டுக் கட்டிய பள்ளி ரசீதுகள், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம், முன்பு எப்போதாவது மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தால் அதற்குத் தந்த ரசீது, எல்லாவற்றையும் சேர். ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து உன்னிடம் ஒரு செட் வைத்துக்கொள்.

அந்தச் சான்றிதழ் வந்த பிறகு, அதை இணைத்துப் புதிதாக வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பி. அப்போதும் பழைய எண்ணையே போட்டால், ஏன் என்று எழுத்தில் கேள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனுவுக்கு ஒரு எண் உண்டு, அதைத் தொலைத்துவிடாதே.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். கல்லூரி அதுவரை ஃபீஸுக்குக் காத்திருக்காதே என்று கேட்பாய். இந்த இடத்தில்தான் உன் கல்லூரி ஆபீஸ் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறது. 4,32,000 என்ற அந்தப் பழைய சான்றிதழ் இரண்டரை லட்சக் கதவைத்தான் அடைக்கிறது, எல்லாக் கதவையும் இல்லை. ஏஐசிடிஇ-யின், அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுமத்தின், பிரகதி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, பொறியியல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கானது. வருடத்துக்கு 50,000. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். நீ இன்றைய நிலையிலேயே அதற்குள் வருகிறாய்! முதல் வருடத்தில் சேர்ந்தவர்களும், டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடம் வந்தவர்களும்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது, அதனால் கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். உங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு நோடல் அலுவலர் இருப்பார், கடைசித் தேதியை நாளைக்கே அவரிடம் கேள். இதையும் மாநில அரசின் உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால், இரண்டும் கைக்கு வரும் நிலை வந்தால் எது அதிகம் என்று பார்த்து எடுத்துக்கொள்.

கல்விக் கடனும் அப்படித்தான். 4 லட்சம் வரை பேங்க் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தர அங்கீகாரமோ உன் பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரமோ இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. நீ அதற்குள்ளும் வருகிறாய், பதினெட்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தில்! கூட்டுக் கடன்தாரராக அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். ‘அப்பாதான் வரணும்’ என்று கிளையில் யாராவது சொன்னால் அதை எழுதித் தரச் சொல். மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைப்பது முன்னோடி வங்கி. மதுரை மாவட்டத்துக்கு அது கனரா வங்கி, அதன் முன்னோடி வங்கி மேலாளரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் கடன் கடன்தான். தேவைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதே.

கடைசியாக நீ கேட்காத ஒன்று. உன் அப்பா. நீங்கள் இந்துக் குடும்பம் என்றால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. பராமரிப்பு என்பதில் சாப்பாடு, துணிமணியோடு படிப்புச் செலவும் சேரும். அம்மாவுக்கும் தனியாக ஜீவனாம்சம் கேட்கும் உரிமை இருக்கிறது. வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று யோசிக்காதே, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரையில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. அது அம்மா எடுக்க வேண்டிய முடிவு. அவர் வேண்டாம் என்றால் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்காதே.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. நோடல் அலுவலரைப் பார்ப்பது ஒன்று. அதற்கு நீ மட்டும் போனால் போதும். இ-சேவை மையத்துக்கு அம்மாவும் வர வேண்டும், ஆதாரும் போட்டோவும் அவருடையது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாளாகப் பார்த்துக் கூப்பிடாதே, பூ வேலை கெட்டுப்போகும்.